தடித்த வண்ணமும் மூடிய அறையும்: வேல்ஸ் ஓவியர் ஷானி ரீஸ் ஜேம்ஸ்

வேல்ஸில் ஓவியக் காட்சிக்கூடம் ஒன்றுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது மலைதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நாட்டு ஓவியம் என்றாலே பலருக்கு நினைவுக்கு வந்தவர் கிஃபின் வில்லியம்ஸ் (1918–2006). ஸ்னோடோனியா மலைகளையும் அங்குள்ள விவசாயிகளையும் ஆட்டு நாய்களையும் அவர் பேலட் கத்தியால் சாம்பலும் கரும்பச்சையுமாக அப்பி வரைந்தார். அந்தப் படங்கள் இன்றும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. நிலம், மழை, கல்வீடு, சுரங்கத் தொழிலாளி என்று வேல்ஸ் ஓவியத்துக்கு ஒரு பழகிய பட்டியல் உண்டு.

ஷானி ரீஸ் ஜேம்ஸ் 1984 முதல் அதே மலைகளுக்கு நடுவில்தான் வாழ்கிறார். ஊர் லான்கட்வன். பொவிஸ் கவுண்டியில், பான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கில், வெல்ஷ் மொழி இன்னும் வீட்டுமொழியாக இருக்கும் சிறிய கிராமம். கதவைத் திறந்தால் மலையும் ஆடும் மழையும்தான். ஆனால் அவர் பெயர் பெற்றது அவற்றை வரைந்தல்ல. அறைக்குள் இருக்கும் ஒரு பெண், அவளைச் சுற்றி வண்ண டப்பாக்கள், கண்ணாடி, குழந்தைக் கட்டில், சரவிளக்கு, பூ அச்சிட்ட சுவர்த்தாள், பூச்சாடி. நாற்பது ஆண்டுகளாக இந்தச் சில பொருட்களையே திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு ஒன்றைச் சொல்ல வைத்திருக்கிறார். அந்த வலிமை எதை வரைகிறார் என்பதில் மட்டும் இல்லை. வண்ணம் எவ்வளவு தடிமனாக, எந்த வேகத்தில், எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் பாதி இருக்கிறது. ஆகவே அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது எண்ணெய் வண்ணத்தின் குணத்தையும் சேர்த்துச் சொல்லாமல் முடியாது.

மெல்போர்னிலிருந்து லான்கட்வன் வரை

ஷானி 1953-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தவர். தந்தை வேல்ஸ்காரர், தாய் ஆஸ்திரேலியர், நாடக உலகைச் சேர்ந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பிரிட்டனுக்கு வந்துவிட்டார். நாடகப் பின்னணியை ஓவியங்களில் சுலபமாகவே அடையாளம் காணலாம். அறை பெரும்பாலும் மேடை போல முன்பக்கம் திறந்திருக்கும். நிற்கும் பெண் நம்மை நேராகப் பார்ப்பாள். பொருட்கள் வீட்டில் தற்செயலாகக் கிடப்பவை போல இல்லாமல், காட்சிக்கென்று எடுத்து வைத்தவை போல இருக்கும்.

லவ்டன் கல்லூரியில் தொடக்கப் படிப்பு. பிறகு 1973 முதல் 1976 வரை லண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளி. அந்தப் பள்ளிக்கு அப்போதிருந்த புகழ் உருவ ஓவியத்தால் வந்ததல்ல. ஆண்டனி காரோ கற்பித்த, பற்றவைத்த இரும்புச் சிற்பங்களாலும், கில்பர்ட் – ஜார்ஜ் போன்ற கருத்துக்கலைஞர்களாலும் வந்தது. கண்ணெதிரே இருக்கும் ஆளைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது பழைய பாணி என்று கருதப்பட்ட காலம் அது. ஆனாலும் அதே பள்ளியில் கால் நூற்றாண்டுக்கு முன் படித்த ஃபிராங்க் அவர்பாக்கும் லியோன் காசோஃப்பும் விரல் தடிமனுக்கு வண்ணம் வைத்து முகங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். ஷானி படிப்பை முடித்த அதே 1976-இல் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில் ஓவியர் ஆர். பி. கிட்டாய் உருவ ஓவியங்களை மட்டும் திரட்டி ஒரு கண்காட்சி நடத்தினார். லண்டனில் உருவங்களை வரைந்த ஓவியர்களைக் குறிக்கும் 'லண்டன் பள்ளி' என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. 1981-இல் ராயல் அகாடமி நடத்திய பெரிய கண்காட்சி ஓவியத்துக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டதைக் காட்டியது. ஆக, அவர் கையில் எடுத்த வழி நாகரிகமாக இல்லாவிட்டாலும், அதில் தனியாக நடக்க வேண்டிய நிலையும் இல்லை.

1984-இல் கணவர், ஓவியர் ஸ்டீபன் வெஸ்ட்டோடும் பிள்ளைகளோடும் லண்டனை விட்டு மத்திய வேல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். பழைய பண்ணை வீடு, இடம் தாராளம். ஓவியருக்கு இது சாதாரண விஷயமில்லை. லண்டனில் வாடகை அறையில் இரண்டு மீட்டர் கேன்வாஸை வைத்துவிட்டு ஐந்து மீட்டர் பின்னால் தள்ளி நின்று பார்க்க முடியாது. தள்ளி நின்று பார்க்க முடியாதவர் அந்த அளவில் வரையவும் முடியாது. அவருடைய பெரிய படங்கள் வேல்ஸுக்கு வந்த பிறகே பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கண்ணாடியின் கணக்கு

1990-களின் தொடக்கத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை ஓவிய அறைப் படங்கள். முன்னால் மேசை நிறைய டப்பாக்கள், பிழிந்த ட்யூப்கள், பிரஷ்கள், ரப்பர் கையுறைகள். பின்னால் அவற்றுக்கு நடுவே ஓவியர், நம்மைப் பார்த்தபடி. மேசையின் மேற்பரப்பு நம்மை நோக்கிச் சாய்ந்து வருவதால் பொருட்கள் எல்லாம் கொட்டிவிடப் போவது போல நிற்கும். பெண் சிறியவளாகவும் சாமான் பெரியதாகவும் தெரிவாள். வேறு சில படங்களில் நேர்மாறு: ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு தலை, வேறொன்றும் இல்லை.

தன்னைத்தானே வரைய கண்ணாடி வேண்டும். கண்ணாடியில் தெரிவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன்முன் நின்று வரைந்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பரப்பின் மேல் உங்கள் தலையின் கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பாருங்கள். அது உண்மைத் தலையில் சரிபாதி உயரம்தான் இருக்கும். பக்கத்தில் போனாலும் தள்ளி நின்றாலும் அந்தப் பாதி மாறாது. 23 சென்டிமீட்டர் தலை கண்ணாடிமேல் பதினொன்றரை சென்டிமீட்டர். அதை ஒரு மீட்டருக்கும் மேலான முகமாக ஆக்கும்போது ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெருக்குகிறோம். இமை ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறு ஒரு சென்டிமீட்டராகிவிடும். அந்த அளவில் கண்ணாடியைப் பார்த்து நகல் எடுப்பது நடக்காது. முகத்தை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது: கண்குழி எங்கே உள்வாங்குகிறது, கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொன்றையும் தீர்மானித்து வைக்க வேண்டும். ஷானியின் பெரிய முகங்கள் அச்சாக அவரைப் போல இருக்க வேண்டும் என்று அலட்டிக்கொள்ளாததற்கு அடிப்படை இங்கே இருக்கிறது.

தூரமும் இரட்டிப்பாகும். கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் உங்கள் உருவம் உங்களிடமிருந்து மூன்று மீட்டரில் இருக்கிறது. கண் அந்தத் தூரத்துக்கும் கைக்கெட்டும் கேன்வாஸுக்கும் மாறி மாறிக் குவிய வேண்டும். வேலை செய்யும் கை ஓயாமல் அசைவதால் அதை வரைய முடியாது. பலர் அந்தக் கையை மறைத்துவிடுவார்கள், அல்லது மற்றக் கையைப் பார்த்து வரைந்து ஒப்பேற்றுவார்கள். கண்ணை வரையும்போது மாதிரியின் கண் எப்போதும் உற்றுப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ஏனென்றால் அதைத்தான் ஓவியர் உற்றுப் பார்க்கிறார். தன்னுருவப் படங்களில் வரும் அந்த விறைத்த பார்வையில் பாதி இப்படி வருவது. பெரும்பாலோர் பிறகு அதை இளக்கிவிடுவார்கள். ஷானி இளக்குவதில்லை. அகலத் திறந்த கண்கள், சற்றே பயந்தவை, சவால் விடுபவை. நாம் அவளைப் பார்க்கிறோமா, அவள் நம்மைப் பார்க்கிறாளா என்ற சங்கடத்தை அவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

இங்கே இன்னொரு வேல்ஸ் பெண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட்டில் பிறந்து பிரான்சில் வாழ்ந்து மறைந்த க்வென் ஜான் (1876–1939) வாழ்நாள் முழுக்க வரைந்ததும் அறைக்குள் தனியாக இருக்கும் பெண்ணைத்தான். அவருடைய கேன்வாஸ்கள் சிறியவை. சுண்ணமும் பசையும் கலந்த உறிஞ்சும் அடிப்பூச்சின் மேல் மெல்லிய, காய்ந்த வண்ணத்தை ஒரே தடவையில் வைப்பார். அவருடைய பெண் அறையோடு ஒன்றிப் போகிறாள். ஷானியின் பெண் அறையோடு மல்லுக்கட்டுகிறாள். பொருள் ஒன்றே ஆனாலும், ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி தடிமனுள்ள பூச்சு ஒன்றைச் சொல்கிறது, விரல் புதையும் பூச்சு வேறொன்றைச் சொல்கிறது.

தடிப்பூச்சு எங்கே கெடும், ஏன் கெடும்

ஷானியின் படங்களைக் கண்டு இளம் ஓவியர்கள் முதலில் பின்பற்ற நினைப்பது அந்தத் தடிப்பூச்சைத்தான். இம்பாஸ்டோ என்று தொழிலில் சொல்வார்கள். நேரில் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்: சிவப்பு ஒரு மேடாக நிற்கிறது, பிரஷ் மயிர் இழுத்த வரிப்பள்ளங்கள் அப்படியே உறைந்திருக்கின்றன. ஆனால் எண்ணெய் வண்ணத்தில் எல்லாரும் தவறு செய்யும் இடமும் இதுதான்.

முதலில் அளவு. இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் கேன்வாஸ் என்றால் 3 சதுர மீட்டர். சராசரியாக 2 மில்லிமீட்டர் தடிமன் வைத்தால் 6 லிட்டர் வண்ணம். கடையில் விற்கும் வழக்கமான ட்யூப் 37 மில்லி. அந்தக் கணக்கில் ஒரே படத்துக்கு 160 ட்யூப்களுக்கு மேல் வேண்டும். அதனால்தான் இப்படி வரைபவர்கள் வெள்ளையை எப்போதும் டப்பாவில் வாங்குகிறார்கள். காட்மியம் சிவப்பு மண் நிறங்களைவிடப் பல மடங்கு விலை. அதில் கஞ்சத்தனம் பிடித்து மலிவான மாணவர் தரத்தை வாங்கினால், நிரப்புப் பொடி அதிகமாக இருப்பதால் வெள்ளையோடு கலந்ததும் சிவப்பு வெளிறிவிடும். காய்ந்த பிறகும் அந்த 6 லிட்டர் பத்து கிலோவுக்குக் குறையாமல் தொங்கும். மெல்லிய சட்டம் அதைத் தாங்காது. நாலைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள கட்டையும் நடுவே குறுக்குச் சட்டங்களும் வேண்டும். இல்லையென்றால் நடுவில் துணி தொய்ந்து, மூலைகளில் வண்ணம் விரியும்.

அடுத்தது காய்தல். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. இறுகும்போது எடை கூடுகிறது. ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகத்தான் போக முடியும் என்பதால், பாலில் ஆடை படிவது போல மேலே தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே மாதக்கணக்கில், மிகத் தடித்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் மெத்தென்று இருக்கும். எண்ணெய் அதிகமான பூச்சில் இந்தத் தோல் விரிந்து சுருக்கம் விழுந்துவிடும். அதற்கு மருந்து கூடுதல் எண்ணெய் அல்ல, எண்ணெயைக் குறைப்பது. ட்யூபிலிருந்து பிழிந்த வண்ணத்தை ஓர் உறிஞ்சும் அட்டைமேல் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் உபரி எண்ணெய் அட்டையில் இறங்கிவிடும். பிறகு எடுத்து வைத்தால் கத்தி விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். இளக்கமாக வேண்டுமென்று ஸ்டாண்ட் ஆயிலை (சூடாக்கிக் கெட்டியாக்கிய ஆளி எண்ணெய்) ஊற்றித் தடிப்பூச்சுப் போடுகிறவர்கள் சுருக்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வெடிப்பு வேறு காரணத்தால் வருகிறது. மெதுவாகக் காயும் அடுக்கின் மேல் சீக்கிரம் காயும் அடுக்கை வைத்தால், மேலே இறுகிய பிறகு கீழே அசையும், மேலே பிளக்கும். ஐவரி கறுப்பு, அலிசரின் கிரிம்சன், காட்மியம் சிவப்பு எல்லாம் மெதுவாகக் காய்பவை. அம்பர் என்னும் பழுப்பு மண் நிறங்களும் ஈய வெள்ளையும் வேகமானவை. கறுப்பைத் தடித்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அதன்மேல் அம்பர் கலந்த தோல்நிறத்தைப் பூசுவது வெடிப்பைத் தேடிப் போவது. கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று மோதும் ஷானியின் வண்ணத் தொகுப்பில் இது எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை இல்லை, தினசரிப் பிரச்சினை. இரண்டு வழிகள்தான் உண்டு: ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே மூச்சில் வைப்பது, இல்லையென்றால் முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவது. அவர்பாக் அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து கடைப்பிடித்தது இரண்டாவது வழி. சுரண்டுவதானால் முதல் சில நாட்களுக்குள் சுரண்ட வேண்டும். தோல்போல ஆன நிலையில் கை வைத்தால் வண்ணம் பிய்ந்து அடிப்பூச்சையும் இழுத்து வரும்.

வெள்ளையிலும் கவனம் தேவை. துத்தநாக வெள்ளை கலந்த எண்ணெய்ப் பூச்சு சில பத்தாண்டுகளில் நொறுங்கும் தன்மை அடைகிறது. டைட்டானியம் வெள்ளை என்று எழுதிய பல ட்யூப்களில் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். லேபிளில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்குவதே வழி: PW6 டைட்டானியம், PW4 துத்தநாகம், PW1 ஈயம்.

ஈரமான ஊரில் துணியும் பிரச்சினை செய்யும். லினன் துணிக்குப் பழைய முறையில் முயல்தோல் பசை பூசுவார்கள். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பசை உப்பி இளகும், துணி இழுப்பு மாறும், மேலே உள்ள தடித்த வண்ணத்தால் அதனோடு அசைய முடியாது. கல்லால் கட்டிய, குளிர்காலத்தில் ஈரம் சொட்டும் மலைநாட்டுக் கட்டடங்களில் அது அபூர்வமில்லை. அக்ரிலிக் அல்லது பிவிஏ பசை இந்த விஷயத்தில் நம்பகமானது. குளிரில் எண்ணெய் காய்வதும் மிகவும் தாமதமாகும். இலையுதிர் காலத்தில் முடித்த படத்தை ஜனவரியில் கண்காட்சிக்கு அனுப்ப நினைத்தால் அது ஈரமாகவே பயணம் செய்யும்.

கையுறைக்கு வருவோம். ஷானியின் படங்களில் லேடெக்ஸ் கையுறை அடிக்கடி வருகிறது, சில சமயம் தனியாகக் கழற்றிப் போட்ட கை போல. ஓவிய அறையில் அதன் வேலை நடைமுறை சார்ந்தது: ஈயமும் காட்மியமும் விஷம், கையால் தேய்த்து வேலை செய்பவர் தோலைக் காக்க வேண்டும். (லேடெக்ஸை டர்பன்டைனும் வெள்ளை ஸ்பிரிட்டும் சீக்கிரம் அரித்துவிடும், நைட்ரைல் கையுறை மேல்.) ஆனால் படத்துக்குள் போனதும் அது வேறாகிறது. பிரசவ அறை, அறுவை மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் அந்த வெளிறிய ரப்பர் விரல்களோடு சேர்ந்து வருகின்றன. ஓவியரின் கருவியும் வீட்டு வேலையின் கருவியும் ஒன்றாகிவிடும் அந்த இடம், அவர் கண்டுபிடித்தவற்றில் மிகச் சிறந்தது என்பது என் கருத்து.

எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆளி எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடுகிறது. கசக்கிய துணிக் குவியலில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகரப் பெட்டியில் போட வேண்டும்.

பரிசுகளும் அவற்றின் பின்னணியும்

1992-இல் அபெரிஸ்ட்வித்தில் நடந்த தேசிய ஐஸ்டெத்வோட் விழாவில் ஷானிக்கு நுண்கலைத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஐஸ்டெத்வோட் முழுக்க வெல்ஷ் மொழியில் நடக்கும் கவிதை, இசை விழா. ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வாரம், ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊரில் நடக்கும். அங்கே கவிஞருக்குப் பரிசாகத் தரும் நாற்காலிதான் நாடு முழுக்கப் பேசப்படும். ஓவியப் பதக்கம் அவ்வளவு பேசப்படாது. வேல்ஸ்காரர்கள் சொல்லுக்கும் பாட்டுக்கும் உரியவர்கள், ஓவியம் அவர்கள் சொத்தல்ல என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. கலை வரலாற்றாளர் பீட்டர் லார்ட் தொண்ணூறுகளில் அதைக் கடுமையாக மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சூழலில், மெல்போர்னில் பிறந்து லண்டனில் படித்த ஒருவர் அந்த மேடையில் பதக்கம் வாங்கியதற்குக் கனம் உண்டு.

மறு ஆண்டு, 1993-இல், ஹன்டிங் – அப்சர்வர் ஓவியப் பரிசு. இது பிரிட்டன் முழுமைக்குமானது. 1997-இல் லாண்டுட்னோவின் ஓரியல் மோஸ்டின் காட்சிக்கூடம் தன்னுருவப் படங்களை மையமாக வைத்து ஒரு பயணக் கண்காட்சியைத் தொடங்கியது. 2003-இல் ஜெர்வுட் ஓவியப் பரிசு, 30,000 பவுண்ட். அதே பரிசை முன்பு கிரெய்கி எய்ச்சிசன், மேகி ஹாம்ப்ளிங், பாட்ரிக் கால்ஃபீல்ட், ப்ரூனெல்லா க்ளஃப் போன்றவர்கள் வாங்கியிருக்கிறார்கள். 2006-இல் பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ விருது.

பரிசுப் பணம் ஓவியருக்கு ஒரு முறை வருவது. பிழைப்பு நடப்பது காட்சிக்கூடத்தின் வழியாக. ஷானியின் படங்களைக் கார்டிஃப்பில் மார்ட்டின் டின்னி காட்சிக்கூடமும் லண்டனில் கன்னாட் பிரவுனும் காட்டி வந்திருக்கின்றன. பிரிட்டனில் விற்பனை விலையில் பாதி அளவுக்குக் காட்சிக்கூடம் எடுத்துக்கொள்வது வழக்கம். மேலே சொன்ன ஆறு லிட்டர் வண்ணமும் லினனும் கட்டையும் மீதிப் பாதியிலிருந்து வர வேண்டும். வேல்ஸில் வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு: கலை மன்றம் வட்டியில்லாத் தவணையில் படம் வாங்க உதவும் திட்டத்தை நடத்துகிறது. ஆசிரியர், செவிலியர் வீடுகளிலும் அசல் ஓவியம் தொங்குவதற்கு இது பெரிய காரணம். 2006 முதல் பிரிட்டனில் மறுவிற்பனை உரிமையும் வந்துவிட்டது. உயிரோடிருக்கும் ஓவியரின் படம் ஏலத்திலோ வணிகர் மூலமோ கைமாறினால் விலையில் அதிகபட்சம் 4 விழுக்காடு ஓவியருக்குச் சேர வேண்டும்.

கட்டில், தாய், பூ

ஜெர்வுட் காலத்துப் படங்களில் முக்கியமானது கறுப்புக் கட்டில் வரிசை. கம்பிகள் வைத்த குழந்தைக் கட்டில், மருத்துவமனைக்குரியது போன்றது. பெரியவர்கள் அறையில் அது நடுநாயகமாக நிற்கிறது. குழந்தைக்குப் பாதுகாப்பு என்று செய்த கம்பிகள் கூண்டுக் கம்பிகளாகத் தெரிகின்றன. தடிப்பூச்சு இங்கே வெறும் அலங்காரமாக இல்லை. ஈரமான வெள்ளையின் மேல் கறுப்பை ஏற்றிய பிரஷை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்தால், இரு ஓரங்களிலும் வெள்ளை சுரண்டி மேடாகும், நடுவில் கறுப்பு போகப் போகச் சாம்பலாகும். அப்படி வைத்த கம்பி துணியின் மேல் உண்மையாகவே புடைத்து நிற்கிறது. பார்ப்பவர் கைக்கும் குழந்தைக்கும் நடுவில் அது ஒரு தடையாக இருக்கிறது.

தாயும் மகளும் அவருடைய நீண்டகாலப் பொருள். கொண்டாடப்படும் தாய்மை இல்லை இது. ஒரே சோபாவில் இருவர், இருவரும் நம்மைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். குடும்பத்தைப் பற்றி இவ்வளவு நேராக வரைந்தவர்கள் அவர் தலைமுறை பிரிட்டிஷ் ஓவியத்தில் மிகக் குறைவு.

பிறகு பூக்கள் வந்தன. 2013-இல் அபெரிஸ்ட்வித் கலை மையத்தில் நடந்த கண்காட்சியின் பெயரையே 'பூக்களின் போட்டி' என்று தமிழில் சொல்லலாம். பூச்சாடி ஓவியம் அமைதியான வகை, வரவேற்பறைக்கு ஏற்றது என்ற எண்ணத்தோடு போனால் திடுக்கிடுவோம். பூக்கள் பெண்ணைவிடப் பெரியவை. சாடிக்குப் பின்னால் அவள் முகம் ஒதுங்கியிருக்கிறது. சுவர்த்தாளின் அச்சுப் பூக்களும் சாடியின் பூக்களும் கலந்து, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் போகிறது. சுவர்த்தாளின் கோலத்தை மெல்லியதாகவும் தட்டையாகவும் வைத்து, சாடிப் பூக்களை மட்டும் தடித்து வைப்பதுதான் இந்த இடத்தில் ஓவியர் கையில் உள்ள ஒரே கருவி. எல்லாவற்றையும் ஒரே தடிமனில் வைத்திருந்தால் படம் குழம்பிய சேறாகியிருக்கும். ஈர வண்ணத்தில் மூன்று நிறமிகளுக்கு மேல் ஒரே இடத்தில் கலந்தால் சேறுதான் கிடைக்கும். பூவிதழ் ஒவ்வொன்றுக்கும் பிரஷைத் துடைத்து எடுக்கும் பொறுமை, வேகமாக வரைந்தது போலத் தோன்றும் இந்தப் படங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

இடையில் இயங்கும் பொம்மை உருவங்களும் செய்திருக்கிறார். நாடகத்தின் பக்கம் இருந்த ஈர்ப்பு அதில் வெளிப்படையாகவே தெரிகிறது. ஆனால் அவருடைய பெரிய சாதனை கேன்வாஸில்தான். 2015-இல் அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் அவருடைய பல ஆண்டுப் படைப்புகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியபோது, கையுறை, கட்டில், சரவிளக்கு, பூ எல்லாம் ஒரே அறையின் வெவ்வேறு மூலைகள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

நேரில் பார்ப்பதற்கு

இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்து ஷானியை மதிப்பிட வேண்டாம். ஓவியத்தைப் பதிவுக்காகப் படமெடுக்கும்போது இருபுறமும் 45 பாகையில் சமமான விளக்கு வைப்பார்கள். பளபளப்பு விழாமல் இருக்க அது தேவைதான், ஆனால் மேடுகளின் நிழல் அழிந்துவிடும். நேரில் போனால் முதலில் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று முகத்தையும் அறையையும் பாருங்கள். பிறகு சுவரோரமாக நடந்து வந்து பக்கவாட்டிலிருந்து மேற்பரப்பைப் பாருங்கள். எந்த இடம் ஒரே மூச்சில் வைத்தது, எந்த இடம் சுரண்டி மறுபடி வைத்தது என்பது அந்தக் கோணத்தில்தான் தெரியும். முகத்தைவிடப் பின்னணி தடிமனாக இருக்கும் படங்களும் உண்டு. பெண்ணைச் சுற்றியுள்ள இடத்தை அவர் எவ்வளவு கனமானதாக நினைத்தார் என்பதை அதுவே காட்டும்.

இப்படிப்பட்ட படம் வீட்டில் இருந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மேடுகளுக்கு இடையில் தங்கும் தூசியை மென்மையான உலர்ந்த பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுத்தால் போதும். குமிழ் பிளாஸ்டிக்கில் நேரடியாகச் சுற்றினால் குமிழ்களின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். மூலைகளில் கட்டை வைத்து, எதுவும் முகப்பைத் தொடாதபடி பயணச் சட்டத்தில்தான் கொண்டுபோக வேண்டும். வார்னிஷுக்கும் அவசரம் கூடாது: மெல்லிய படத்துக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் சொல்வார்கள், தடித்த படத்துக்கு அதைவிட நீண்ட காலம் பொறுக்க வேண்டும். கிழிந்த பழைய கேன்வாஸ்களின் பின்னால் சூடான இஸ்திரியால் புதுத் துணி ஒட்டிய காலத்தில் எத்தனையோ தடிப்பூச்சுகள் நசுங்கித் தட்டையாகிப் போயின. இன்றைய பராமரிப்பாளர்கள் அதைத் தவிர்க்கவே பார்க்கிறார்கள்.

கார்டிஃப்பிலுள்ள தேசிய அருங்காட்சியகம், நியூபோர்ட் அருங்காட்சியகம், மெர்த்திர் டிட்ஃபிலின் கைஃபார்த்ஃபா கோட்டை, பர்மிங்காம் அருங்காட்சியகம், கிளாஸ்கோ நவீனக் கலைக்கூடம் ஆகியவற்றின் தொகுப்புகளில் அவருடைய படங்கள் இருக்கின்றன. பெரிய கேன்வாஸ்கள் எல்லா நாளும் சுவரில் இருக்காது, பெரும்பாலும் கிடங்கில் இருக்கும். பிரிட்டனின் பொதுத் தொகுப்புகளைப் பட்டியலிடும் ஆர்ட் யுகே தளத்தில் எந்தப் படம் எந்தத் தொகுப்பில் என்று தேடிப் பார்த்துவிட்டு, அந்த அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கிடங்கிலிருக்கும் படத்தையும் நேரம் ஒதுக்கிக் காட்டச் சில இடங்களில் ஏற்பாடு உண்டு.